நாற்பது விநாடி வாசல்

கண் ஆஸ்பத்திரியின் சொட்டு மருந்து அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். பன்னிரண்டிலும் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கண்மணி விரிய மருந்து விட்டபின் இருபது நிமிடம் அப்படித்தான் இருந்தாக வேண்டும். பேப்பர் படிக்க முடியாது, கைப்பேசியை நோண்ட முடியாது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர்களைச் சும்மா உட்கார வைக்கிற அறை அது.

அந்த அறையை ஆளுகிறவள் நம் வசனக்கா. ஐம்பத்தொரு வயது. மூக்கின் நுனியில் நிற்கும் கண்ணாடி. "மேலே பாருங்க, முடிஞ்சுது" என்று எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடுகிறவள் அல்ல. பயந்த கிழவரிடம் ஒரு பேச்சு, அலட்டிக்கொள்ளும் அதிகாரியிடம் வேறொரு பேச்சு. மூன்று மாதம் கழித்து வந்தாலும், "உங்க மருமக சண்டை போட்டுட்டுப் போனாளே, வந்துட்டாளா?" என்று சரியாகக் கேட்டுவிடுவாள். கேட்கப்பட்டவருக்கு மருந்து விடாமலே கண் கலங்கும்.

ஊர் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிற இந்தப் பெண், தன் சொந்தத் தம்பியோடு ஏழு வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வீடு பேருந்தில் அரை மணி நேரம். அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை. அவர்களுடைய அம்மா மட்டும் பாதி மாதம் இங்கே, பாதி மாதம் அங்கே. இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரே பொருள் அம்மாவின் துணிப்பைதான்.

வசனக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தம்பியின் கம்பெனியில் ஒட்டிக்கொண்ட பெயர். கம்பெனி என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஏழு பேர், எப்போதும் ரப்பர் வாசனை. அங்கேதான் 'ஏழு மதகு' என்ற வீடியோ கேம் உருவானது. அப்போது அக்கா ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாகப் பிரச்சினை, அடிதடி, விவாகரத்து என்று பதினெட்டு வருஷம் மற்றவர்களுடைய மனக்குறைகளை அடித்து அடித்து விரல் தேய்ந்தவள். அநியாயம் நடந்தவன் எப்படிப் பேசுவான், அநியாயம் செய்தவன் எப்படி மழுப்புவான் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒருநாள் தம்பி வந்து நின்றான்.

"அக்கா, ஒரு ஊருக்கே வசனம் எழுதணும். முந்நூத்திப் பன்னெண்டு பேர்."

"அத்தனை பேரும் பேசுவாங்களா?"

"அத்தனை பேரும் பேசுவாங்க. நீ என்ன செஞ்சேன்னு அத்தனை பேரும் ஞாபகம் வச்சிருப்பாங்க."

"அப்ப நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லு."

வக்கீல் ஆபீசுக்கு முழுக்குப் போட்டுவிட்டு அக்கா மாடி ஏறினாள். மூன்று வருஷம் எழுதினாள். ஆற்றங்கரையில் ஓர் ஊர். மலையிலிருந்து வரும் தண்ணீரை ஏழு மதகுகள் தடுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் ஒரு அந்நியப் போர்வீரனாக அந்த ஊருக்குள் நுழைகிறீர்கள். ஊர்க்காரர்களின் உதவியோடு மதகுகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். மூன்றாவதைத் திறந்தால் கீழத்தெரு முழுகும். சாயக்காரம்மா சட்டி பானையோடு மேட்டுக்குக் குடிபோவாள். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரை உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டாள். கொல்லனுக்கும் படகோட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. யாருக்கு நீங்கள் முதலில் வணக்கம் சொன்னீர்கள் என்பதை இன்னொருவன் மறக்கமாட்டான். அப்படி ஓர் ஊரை அதுவரை எந்த ஆட்டத்திலும் யாரும் கட்டியதில்லை என்பது தம்பியின் பெருமை.

அக்காவுக்கு ஒரே ஒரு குறை. அவளால் அந்த ஆட்டத்தை ஆட முடியாது. திரை சுற்றினால் அவளுக்குத் தலை சுற்றும். கருவியைக் கையில் கொடுத்தால் போர்வீரன் சுவரில் முட்டிக்கொண்டே நிற்பான், இரண்டாவது நிமிடம் அவள் எழுந்து கழிப்பறைக்கு ஓடுவாள். அதனால் அவளுக்குத் தெரிந்த 'ஏழு மதகு' எல்லாம் காகிதத்தில்தான்.

இந்த மாதிரி ஆட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஆடுகிறவன் யார் வீட்டுக்குள்ளும் புகுவான், பெட்டியைத் திறப்பான், பானையை உடைப்பான், இருப்பதைச் சுருட்டிக்கொண்டு போவான். வீட்டுக்காரர்கள் சிரித்த முகத்தோடு வழியனுப்புவார்கள். தம்பி மாதிரிக்கு இரண்டு மூன்று ஆட்டங்களைக் காட்டியபோது அக்கா பதறிப் போனாள்.

"யாருடா இவன், அந்தம்மா கண் முன்னாடியே கம்பளியை எடுத்துட்டுப் போறான்? அவ சும்மா நிக்கறா?"

"எல்லா கேம்லயும் அப்படித்தாங்க்கா."

"நம்ம ஊர்ல நடக்காது."

நடக்கவில்லை. ஏழு மதகு ஊரில் நீங்கள் ஒரு வீட்டில் கை வைத்தால் அந்த வீடு கதவைச் சாத்தும். சாயங்காலத்துக்குள் தெரு சாத்தும். மறுநாள் ஊரே சாத்தும். சரி, மறுபடி திறக்க என்ன வழி? இங்கேதான் சண்டை வந்தது.

"மன்னிப்புக் கேள்னு ஒரு பட்டன் வச்சுடலாம்" என்றான் தம்பி.

"மன்னிப்புன்னா பட்டனை அழுத்தறதாடா? வக்கீல் ஆபீஸ்ல ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேட்டாங்க. ஒருத்தனும் மனசு வச்சுக் கேட்கலை. வெறுங்கையோட வந்து வாசல்ல நிக்கட்டும். எதையும் அழுத்தாம, எங்கேயும் நகராம நிக்கட்டும். அப்பத்தான் கதவு திறக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, கதவைப் பார்த்தபடி நின்று பார்த்தாள். "நாப்பது விநாடி."

"செத்தோம். நாலு விநாடி சும்மா இருக்க மாட்டாங்கக்கா."

மூன்று நாள் வாக்குவாதம். கடைசியில் தம்பி, "சரி, உன் இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தான். வேண்டா வெறுப்பாகத்தான் செய்கிறான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்த தவறை அந்த ஏழு பேரைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது. ஆட்டத்தை வெளியிடும் முன் ஆடிப் பார்த்துச் சோதித்தவர்கள் அவர்கள்தான். மூன்று நாள் சண்டையை இரண்டு அறைக்குள் காது வலிக்கக் கேட்டவர்கள். வாசலில் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு மூச்சு விடுவது போலத் தெரியும். ஆகவே, அந்த ரகசியத்தை ஆடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினோராயிரம் வரி எழுதிய வசனக்கா, தேவையான அந்த ஒரு வரியை எழுதவில்லை.

ஆட்டம் வெளியானது. வாங்கியவர்கள் வழக்கம் போலப் பானையை உடைத்தார்கள். ஊர் கதவைச் சாத்தியது. "மூன்றாவது மணி நேரத்தில் ஒருவரும் பேசுவதில்லை, ஆட்டம் பழுது" என்று எழுதினார்கள். வேறு பழுதுகளும் இல்லாமல் இல்லை. மழை பெய்தால் சமையலறைக்குள்ளும் பெய்தது. சவரத் தொழிலாளியிடம் போய் உட்கார்ந்தால் தாடியோடு முகமும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் குதிரை. விசில் அடித்தால் வர வேண்டிய குதிரை, பக்கத்து வீட்டுக் கூரை மேல் ஏறி நின்று உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். விமரிசனம் செய்கிற ஒருவர் குதிரையை மட்டும் பதினைந்து நிமிடம் படம் பிடித்துப் போட்டார். உலகமே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள்?

ஆட்டம் விற்காமல் கம்பெனியை மூடிய அன்று, காலி அறையில், தம்பி சொன்னான்: "உன் நாப்பது விநாடி ஏழு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திடுச்சு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்தது. "உனக்கு மெஷினைத்தான் தெரியும். மனுஷங்களைப் புரியாது. பிறந்ததுல இருந்தே புரியாது."

அவன் கணினியின் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினான். அவ்வளவுதான். ஏழு வருஷம்.

அவன் இப்போது லிப்ட் கம்பெனியில் இருக்கிறான். கதவு எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. "அங்கேயும் கதவுதான்" என்று அம்மா வந்து சொன்னபோது, அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்துப் பாட்டில்களை அடுக்கினாள்.

இந்த நிலையில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லாரி ஓட்டுநர் ஒருவர் எட்டாம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கனத்த உடம்பு, கண்புரை முற்றிய வலது கண். வாரக் கடைசியில் ஆபரேஷன். அக்கா இரண்டு சொட்டு விட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டார்:

"மேடம், ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள் கேம் ஆடக் கூடாது?"

"பத்து நாள். உங்க வயசுக்கு என்ன கேம்ணே?"

"சொன்னா உங்களுக்குத் தெரியாது. ஏழு மதகுன்னு ஒண்ணு. யாருக்கும் தெரியாது."

அக்காவின் கையில் மருந்துப் பாட்டில் நின்றது. ஒன்பதாம் நாற்காலிக்காரர் கண்ணைத் திறந்து காத்திருந்தார். அவருக்கு மளமளவென்று சொட்டு விட்டுவிட்டு, ஒரு முக்காலியை இழுத்து எட்டாம் நாற்காலி அருகே போட்டு உட்கார்ந்தாள்.

"அது பழுதான கேம்னு சொன்னாங்களே" என்றாள், குரலை எங்கோ ஒளித்துவைத்து.

"சொன்னவன் எவனும் நிக்கலை மேடம். எனக்கு நிக்கிறதுதான் பொழைப்பு. கிடங்கு வாசல்ல லாரியைப் போட்டா சரக்கு இறக்க மணிக்கணக்கா ஆகும். கையில வச்சு ஆடற மெஷின் ஒண்ணு என் பையன் வாங்கிக் குடுத்தான். நானும் எல்லாரையும் மாதிரி பானையை உடைச்சேன். ஊரே மூஞ்சில கதவைச் சாத்திடுச்சு. வாளும் உடைஞ்சு போச்சு. கொல்லனும் பேச மாட்டேங்கறான். வெறுங்கையோட சாயக்காரம்மா வாசல்ல நிக்கறேன். அந்த நேரம் பார்த்து கிடங்குல, பேப்பரைக் கொண்டாடான்னு கூப்பிட்டான். மெஷினை அப்படியே சீட்டுல போட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பார்க்கறேன், கதவு திறந்திருக்கு. அந்தம்மா நிக்கறாங்க. 'எடுத்தது போகட்டும். கேட்டிருந்தா குடுத்திருப்பேனே' அப்படிங்கறாங்க. லாரில உட்கார்ந்து அழுதுட்டேன் மேடம். வெளியே சொல்லிடாதீங்க."

அந்த வரியை எழுதிய மத்தியானம் அக்காவுக்கு நினைவிருந்தது. கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். என் வசனம் ஒருத்தருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நான்தான் சரி, என்று அவள் மனம் துள்ள ஆரம்பித்த நேரத்தில் ஓட்டுநர் மறுபடி வாயைத் திறந்தார்.

"ஆனா வசனத்தை விடுங்க. அதுக்கு முன்னாடி நடக்குது பாருங்க, அந்த நாப்பது விநாடி, அதான் கேமே."

"அதுல என்ன நடக்குது? சும்மாதானே நிக்கணும்?"

"யார் சொன்னா? அடுத்த வீட்டு வாசல்ல நான் பார்த்துக்கிட்டே நின்னேன். ஜன்னல் துணி அசையுது. உள்ளே ஒரு நிழல் வருது. தாழ்ப்பாள் வரைக்கும் கை வருது, திரும்பிப் போயிடுது. மறுபடி வருது. கொல்லன் இருக்கானே, அவன் சுத்தியலைத் தூக்கிட்டு அடிக்காம நிப்பான். வீட்டுக்கு வீடு வேற மாதிரி மேடம். இதைச் செஞ்சவன் மனுஷங்களை அப்படிப் பார்த்திருக்கான். கோவமா இருக்கறவங்க எப்படிக் கதவு கிட்ட வருவாங்க, எப்படித் திரும்பிப் போவாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அக்கா எழுதிக் கொடுத்த காகிதத்தில் அந்த இடத்தில் இருந்தது 'நாற்பது விநாடி, அமைதி' என்ற மூன்று சொற்கள் மட்டும்தான்.

"எல்லாரையும் விட பள்ளிக்கூட வாத்தியாரம்மாதான்" என்று ஓட்டுநர் தொடர்ந்தார். "அவங்க ஜன்னலோரமா உட்கார்ந்து, நம்மைப் பார்க்காத மாதிரி, பேனா மூடியைத் திறப்பாங்க, மூடுவாங்க. திறப்பாங்க, மூடுவாங்க. சரியா பதினோரு தடவை. அப்புறம் எழுந்து வருவாங்க. பாசக்காரங்க. கோவத்தை எங்க வைக்கறதுன்னு தெரியாம பேனாகிட்ட காட்டறாங்க." சற்று நிறுத்திக் காது கொடுத்தார். "அது என்ன மேடம், டிக் டிக்னு சத்தம்?"

அக்கா தன் கையைப் பார்த்தாள். மருந்துப் பாட்டிலின் மூடி. எப்போது தொடங்கினாள் என்றே தெரியாமல், திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தாள். வக்கீல் ஆபீஸ் நாளிலிருந்தே கோபம் வந்தால் அவள் விரல்கள் செய்கிற வேலை அது. அவளுக்கே தெரியாத அந்தப் பழக்கத்தை ஒருவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், எண்ணியிருக்கிறான், ஓர் ஊருக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். அவனைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள், மனுஷங்களைப் புரியாது என்று.

"ஒண்ணுமில்லைண்ணே. கண்ணை மூடிக்கங்க" என்றாள். அவர் மூடிக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வசனக்கா தம்பியின் குடியிருப்பில் மூன்றாவது மாடி ஏறினாள். வழியெல்லாம் வசனம் யோசித்துக்கொண்டு வந்தாள். நீளமாக ஒன்று, சுருக்கமாக ஒன்று, அழுதுகொண்டே சொல்ல ஒன்று. கதவுக்கு முன் வந்ததும் ஒன்றும் நினைவில் இல்லை. அழைப்பு மணியில் விரலைக் கொண்டுபோனாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். தோள்பையைக் கழற்றிச் சுவரோரமாகக் கீழே வைத்தாள். வெறுங்கையோடு நின்றாள்.

அந்தப் பாதி மாதம் அம்மா தம்பி வீட்டில் இருக்கிற முறை. கதவு மெலிது, உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

"யாரோ நிக்கிற மாதிரி இருக்கே" என்றாள் அம்மா.

தம்பி மனைவி கதவுத் துவாரத்தில் கண் வைத்திருக்க வேண்டும். "அக்கா நிக்கறாங்க."

"பெல் அடிக்கலையே?"

"அடிக்கலை அத்தை. பையைக் கீழே வச்சுட்டு, சும்மா நிக்கறாங்க."

உள்ளே சத்தம் நின்றது. அப்படி நிற்பது என்னவென்று புரிய வேண்டியவனுக்குப் புரிந்துவிட்டது. காலடி ஓசை கதவு வரை வந்தது. தாழ்ப்பாள் லேசாக அசைந்தது. காலடி திரும்பிப் போனது. அக்கா அசையாமல் நின்றாள். எழுதும்போது நாற்பது விநாடி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. வாசலில் நிற்கிறவனுக்கு அது எவ்வளவு நீளம் என்பதை இப்போதுதான் முதல்முறையாக உணர்ந்தாள். மறுபடி காலடி. கதவு திறந்தது.

தலை பாதி நரைத்திருந்தது அவனுக்கு. இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுபது விநாடி ஆச்சுடா" என்றாள் அக்கா. "நாப்பதுன்னுதானே பேச்சு?"

"சட்டை மாட்ட வேண்டாமா?"

"உனக்கு மனுஷங்களைப் புரியாதுன்னு சொன்னேன்ல. அது தப்புடா."

அவன் கீழே கிடந்த பையை எடுத்தான். "வாத்தியாரம்மாவைப் பார்த்தியா?"

"பார்க்கலை. கேள்விப்பட்டேன்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து அம்மா, "வாசல்லயே அழணுமா, உள்ளே வந்து அழுங்களேன்" என்றாள்.

படுக்கையறை மூலையில் ஒரு பழைய கணினி. தம்பி அதை இயக்கினான். லிப்ட் கம்பெனியிலிருந்து வந்தபின் தினம் ஒரு மணி நேரம், ஏழு வருஷமாக அவன் ஏழு மதகைப் பழுது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மழை இப்போது வெளியே மட்டும் பெய்தது. சவரம் செய்தாலும் முகம் மிஞ்சியது.

"குதிரையையும் சரி பண்ணிட்டேன். தரையிலதான் நிக்கும்."

"அப்ப ஏன் இன்னும் வெளியே விடலை?"

"நீ பார்க்காம எப்படி விடறது?"

அக்கா பார்த்தாள். திரையை ஒரு நிமிடம், தலை சுற்றும்போது சுவரை ஒரு நிமிடம். அப்படியே தவணை முறையில் வாத்தியாரம்மா வீட்டு வாசல் வரை போனார்கள். பேனா மூடி பதினோரு தடவை. தம்பி மனைவி திரையைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு பேப்பர் குடு" என்றாள் அக்கா. "அன்னிக்கு எழுதாம விட்ட வரியை எழுதித் தரேன். தப்பு என்னுதுதான். தெரியாதவங்களுக்குச் சொல்லணும்ல."

ஊருக்குள் நுழையும்போது படகோட்டி சொல்வதாக எழுதினாள்: 'இந்த ஊர்ல யார் மனசையாவது நோகடிச்சுட்டா, கையில இருக்கிறதைக் கீழே வச்சுட்டு அவங்க வாசல்ல போய் நில்லு. நின்னா போதும்.'

தம்பி படித்தான். "கொஞ்சம் நீளம்."

"உன் மூளைக்கு நீளம்."

"இதை அன்னிக்கே எழுதியிருந்தா..."

"நீ அன்னிக்கே குதிரையைப் பிடிச்சுக் கட்டியிருந்தா..."

"ஆரம்பிச்சுடாதீங்க" என்றாள் அம்மா.

அடுத்த வாரமே புதுப்பித்த ஆட்டம் வெளியானது. உலகம் திரும்பிப் பார்த்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நூறு, இருநூறு பேர் பார்த்திருப்பார்கள். அதில் சிலர் வாசலில் நின்றிருப்பார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து லாரி ஓட்டுநர் இடது கண்ணுக்கு வந்தார். அதே எட்டாம் நாற்காலி. சொட்டு விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கறுவினார்.

"மேடம், அந்தக் கேமைக் கெடுத்துட்டாங்க."

"என்னாச்சுண்ணே?"

"படகோட்டி எல்லாத்தையும் முன்னாடியே உளறிடறான். அதைக்கூடப் பொறுத்துக்கலாம், நாலு பேர் உள்ளே வரட்டும். ஆனா குதிரை கூரை மேல ஏற மாட்டேங்குது. ஏழு வருஷமா வழி தெரியாதப்பல்லாம் நான் கூரையைப் பார்த்துத்தான் குதிரை எங்கேன்னு கண்டுபிடிப்பேன். அது மேல நின்னு ஊரையே காவல் காக்கற மாதிரி இருக்கும். அதை எவன் இறக்கச் சொன்னான்?"

வசனக்கா பாட்டிலை மூடினாள். கைப்பேசியை எடுத்தாள். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"தம்பி, அந்தக் குதிரையை மறுபடி கூரையில ஏத்திடு. ஆமா, கூரையிலதான். கேட்டு ஆள் வந்திருக்கு."

எட்டாம் நாற்காலியில் ஒரு கண் மெல்லத் திறந்தது.

"மூடுங்கண்ணே" என்றாள் அவள். "இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு."